தண்ணீரா, காற்றா? கணினியைக் குளிர வைத்த கதை

 

உயர்தரப் பரீட்சை முடிந்த பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சேர், மகன் கம்பியூட்டர் ஒன்று அசெம்பிள் பண்ணித் தரக் கேட்கிறான். கடையில் வோட்டர் கூலிங் போட்டால்தான் நல்லது என்கிறார்கள். போடலாமா? இல்லை, சாதாரண ஃபேன் போதுமா?"

சிறிய கேள்விபோல் தெரியும். ஆனால் அந்தக் காசு எப்படி வந்தது என்பது நமக்குத் தெரியும். ஒருவருக்குக் கட்டாரிலோ சவூதியிலோ வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசு. இன்னொருவருக்குப் பருவம் முழுக்கக் கடலுக்குப் போய்ச் சேர்த்த காசு. சில வீடுகளில் தாயின் சங்கிலி அடகுக்குப் போயிருக்கிறது. 2022க்குப் பிறகு ரூபாயின் நிலையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே "போடுங்கள்", "போடாதீர்கள்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

இந்தத் தண்ணீர், காற்று விவாதம் கணினியோடு பிறந்ததும் இல்லை. கப்பல், மோட்டார் சைக்கிள், மின்நிலையம் எல்லாவற்றிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் கடைக்காரர் சொல்வதை நீங்களே எடை போடலாம். பதிவு நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

*முதலில் ஒரு சின்னக் கணக்கு*

கணினியின் பிரொசசர் உறிஞ்சும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 200 வாற்று மின்சாரம் எடுத்தால் 200 வாற்று வெப்பம். விரல் நுனி அளவுள்ள சிலிக்கன் துண்டில் இந்த வெப்பம் பிறக்கிறது. அதை உடனே அப்புறப்படுத்தாவிட்டால் சூடு ஏறும். 95, 100 பாகை செல்சியஸ் அளவை நெருங்கியதும் பிரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் நின்றுவிடும்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் தன்வெப்பக் கொள்ளளவு படித்தது நினைவிருக்கிறதா? ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4200 யூல் வேண்டும். ஒரு கிலோகிராம் வளிக்கு ஏறக்குறைய 1000 யூல் போதும். ஆனால் ஒரு கிலோகிராம் வளி என்பது 800 லீற்றருக்கும் மேல். நீரோ ஒரே லீற்றர்.

இப்போது 200 வாற்று வெப்பத்தை 10 பாகை உயர்வுக்குள் எடுத்துச் செல்ல என்ன வேண்டும் என்று பார்ப்போம். நீர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி. காற்று என்றால் செக்கனுக்கு 16, 17 லீற்றர், அதாவது ஒரு பெரிய வாளி நிறைய. ஒரு செக்கனில் ஒரு தேக்கரண்டி நீர் செய்யும் வேலைக்கு ஒரு வாளி காற்று வேண்டும்.

இதைப் பார்த்தால் நீர்தான் வெற்றி என்று தோன்றும். கடைக்காரர்களும் கதையை இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். கதை இங்கே தொடங்கத்தான் செய்கிறது.

*நம் துறைமுகம் கண்ட நீர்க் குளிரூட்டல்*

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்த நீராவிக் கப்பல்கள் எல்லாவற்றின் வயிற்றிலும் பெரிய நீர்க் குளிரூட்டி ஒன்று இருந்தது. எஞ்சினைச் சுழற்றி முடித்த நீராவியை மீண்டும் தண்ணீராக்க வேண்டும். ஆரம்பகாலக் கப்பல்களில் அந்த நீராவிக்குள் கடல்நீரை நேரடியாகவே தெளித்தார்கள். நீராவி குளிர்ந்தது, ஆனால் உப்பும் கொதிகலனுக்குள் போய்ப் படிந்தது. 1834இல் சாமுவேல் ஹோல் என்ற ஆங்கிலேயர், கடல்நீரும் நீராவியும் ஒன்றோடொன்று கலக்காமல் குழாய்ச் சுவரின் இரு பக்கமும் நின்று வெப்பத்தை மட்டும் கைமாற்றும் ஒடுக்கிக்குக் காப்புரிமை பெற்றார். நல்ல நீர் ஒரு பக்கம், உப்பு நீர் மறு பக்கம். இன்று கணினிக்குள் இருக்கும் நீர்க் குளிரூட்டியின் பாட்டனார் என்று அதைச் சொல்லலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், சல்லிக் கரைக்கு வாருங்கள். படகின் அவுட்போட் எஞ்சின் கடல்நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, பக்கவாட்டில் சிறு தாரையாகப் பீய்ச்சிவிடும். அந்தத் தாரை நின்றால் மீனவர் உடனே எஞ்சினை நிறுத்துவார். உள்ளே பாசியோ பொலித்தீனோ அடைத்துவிட்டது என்று அர்த்தம். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவார், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். நீரின் பலம் பெரிது. அதற்கு ஏற்ற பராமரிப்பும் வேண்டும். இந்த உண்மை நம் மீனவர்களுக்குப் பொறியியல் புத்தகம் இல்லாமலே தெரியும்.

அதே கரையில் நிற்கும் ஓட்டோவைப் பாருங்கள். றேடியேற்றர் இல்லை, தண்ணீர் இல்லை. எஞ்சினைச் சுற்றி உலோகச் செட்டைகள், அவற்றின் மேல் வீசும் காற்று, அவ்வளவுதான். உள்ளே பழுதாக ஒன்றுமே இல்லாததால் ஒரு பாஸ் எந்தக் கிராமத்திலும் திருத்திவிடுவார்.

*ஹொண்டா ஐயாவின் பிடிவாதம்*

இந்த விவாதத்தின் மிகப் பெரிய பாடம் ஜப்பானில் நடந்தது. நம் தெருக்களில் ஓடிய சி50, சி90, எம்டி90 மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் காற்றால் குளிர்ந்தவை. அந்தக் கொம்பனியை நிறுவிய சொய்சிரோ ஹொண்டா காற்றுக் குளிரூட்டலில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். அவருடைய வாதம் எளிமையானது. நீரால் குளிர்விக்கும் எஞ்சினிலும் அந்த நீரைக் கடைசியில் றேடியேற்றரில் காற்றுத்தானே குளிர்விக்கிறது? அப்படியானால் நடுவில் நீர் எதற்கு? நேரடியாகக் காற்றிடமே கொடுத்துவிடலாமே?

வாதத்தில் குறை காண்பது கடினம். ஆனால் அதன் விலை பெரிதாக இருந்தது. 1968இல் ஹொண்டா ஆர்ஏ302 என்ற காற்றால் குளிரும் பந்தயக் காரை உருவாக்கியது. அந்த அணியின் முதன்மை ஓட்டுநர் ஜோன் சேர்ட்டீஸ், வண்டி பந்தயத்துக்குத் தயாரில்லை என்று ஓட்ட மறுத்தார். 1968 ஜூலை 7 அன்று பிரான்சின் ரூவான் நகரில் நடந்த பந்தயத்தில் ஜோ ஷ்லெசர் அதை ஓட்டினார். ஓடத் தொடங்கிச் சில சுற்றுகளிலேயே வண்டி ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பற்றியது. அவர் அதிலேயே இறந்தார்.

அடுத்த ஆண்டு ஹொண்டா 1300 என்ற காற்றால் குளிரும் காரும் சந்தைக்கு வந்தது. எஞ்சின் பலமானதுதான். ஆனால் காற்றை மட்டும் வைத்து அதைக் குளிர்விக்கச் செய்த ஏற்பாடுகளால் வண்டி பாரமாகவும் தயாரிக்கச் செலவு கூடியதாகவும் ஆகிப்போனது. இதற்கிடையில் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகத் தொடங்கியது. புகையைக் குறைக்க எஞ்சினின் வெப்பநிலை எல்லா இடத்திலும் சீராக இருக்க வேண்டும், அதற்கு நீர்தான் தோது என்று இளம் பொறியியலாளர்கள் வாதாடினார்கள். தலைவர் கேட்கவில்லை. கடைசியில் கொம்பனியின் பங்காளியான தக்கேயோ ஃபுஜிசாவா நேரடியாகவே அவரிடம் பேசினார்: நீங்கள் இந்தக் கொம்பனியின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, அல்லது பொறியியலாளராகவா என்ற கருத்தில். ஹொண்டா விட்டுக்கொடுத்தார். 1972இல் வந்த சிவிக் நீரால் குளிர்ந்தது. அந்தக் கார்தான் கொம்பனியை உலகச் சந்தையில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கார் நீருக்கு மாறிய பிறகும் ஹொண்டாவின் சிறிய மோட்டார் சைக்கிள்கள் காற்றிலேயே தொடர்ந்தன. இரண்டு முடிவும் சரிதான். எவ்வளவு வெப்பம், எவ்வளவு இடம், யார் பராமரிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் காரிலும் சைக்கிளிலும் வெவ்வேறு பதில்கள் இருந்தன. இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனிக் கணினிக்குப் போவோம்.

*அறை நிறைந்த கணினிகள்*

1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. 30 தொன் நிறை. சுமார் 150 கிலோவாற்று மின்சாரம். பெரிய ஊதிகளை வைத்துக் காற்றடித்தே அதைக் குளிர்வித்தார்கள். முதல் சுற்றில் காற்றுத்தான் வென்றது.

குழல்கள் போய்த் திரான்சிஸ்டர்கள் வந்தபோது வெப்பம் குறையும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வெப்பம் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் மேலும் மேலும் நெருக்கி அடுக்கினார்கள். 1960களின் நடுவில் ஐபிஎம் தன் மிக வேகமான சிஸ்டம் 360 மொடல் 91 கணினியில் நீரைக் கொண்டுவந்தது. 1970இல் அறிவித்த சிஸ்டம் 370 வரிசையில் பெரிய மொடல் 165 கணினிக்குக் குளிர்நீரைப் பகிர்ந்தளிக்கும் தனி அலகே தேவைப்பட்டது.

அந்த வரிசையில் அதற்கு அடுத்த தம்பியான மொடல் 155தான் 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்தது. மேற்கு ஜேர்மனியின் உதவியோடு வந்த அந்தக் கணினி அன்று இந்தியாவிலிருந்த மிகப் பெரிய கணினிகளில் ஒன்று. சென்னையின் வெயிலும் புழுதியும் கடற்காற்றும் நம் ஊரிலிருந்து பெரிதாக வேறுபட்டவை அல்ல. அங்கே கணினிக்கென்றே குளிரூட்டிய மண்டபம் தேவைப்பட்டது. வெளியே மாணவர்கள் துளையிட்ட அட்டைகளோடு வியர்வையில் நிற்க, உள்ளே இயந்திரம் குளிரில் இருந்தது. நம் பாடசாலைகளில் கணினி அறைக்கு மட்டும் ஏசி கிடைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள், அதே காட்சிதான்.

1976இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்துக்குப் போன கிரே-1 மீத்திறன் கணினி 115 கிலோவாற்று எடுத்தது. அதைக் குளிர்வித்தது ஃப்ரியோன், அதாவது பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் ஓடிய அதே வகை வாயு. 1985இல் வந்த கிரே-2இல் மின்சுற்றுப் பலகைகளை மின்கடத்தாத திரவம் ஒன்றில் முழுதாகவே மூழ்கடித்துவிட்டார்கள். உள்ளே திரவம் ஓடுவது வெளியிலிருந்தே தெரிந்ததால் அதற்குக் "குமிழி" என்று பட்டப்பெயர்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. பருவமழையை முன்கூட்டிச் சொல்வதற்காக இந்தியா 1980களின் பிற்பகுதியில் கிரே எக்ஸ்-எம்பி கணினி கேட்டது. அணுவாயுத வேலைக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அமெரிக்கா, கேட்ட பெரிய மொடலைத் தராமல் ஒற்றைப் பிரொசசர் கொண்ட சிறியதை மட்டும் தந்தது. அதுவும் ஃப்ரியோனில் குளிர்ந்த கணினிதான். பெரியதைத் தராத கோபம், 1988இல் இந்தியா சீ-டாக் நிறுவனத்தைத் தொடங்க ஒரு காரணமானது. 1991இல் அவர்கள் பரம் 8000 கணினியை வெளியிட்டார்கள். ஒரே பெரிய பிரொசசருக்குப் பதிலாகச் சிறிய பிரொசசர்கள் பலவற்றைச் சேர்த்து வேலை வாங்கியது அது.

*தண்ணீர் தோற்ற காலம்*

ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 கணினியில், ஒவ்வொரு சில்லின் மேலும் ஒரு சிறு உலோக முளை அழுத்திப் பிடித்திருக்கும். இடைவெளியில் ஹீலியம். அதற்கு மேலே குளிர்நீர் ஓடும் தட்டு. அந்தக் காலத்தில் அது பொறியியல் அற்புதம். நீர்க் குளிரூட்டலின் பொற்காலம் என்றே சொல்லலாம்.

ஆனால் 1990களில் அந்த அற்புதத்துக்கு வேலை இல்லாமல் போனது. சீமொஸ் என்ற சிக்கனமான திரான்சிஸ்டர் முறை பழைய இருமுனை முறையைப் பின்தள்ளியது. வெப்பம் ஒரேயடியாக விழுந்தது. ஐபிஎம்மின் பெரிய கணினிகளே 1994இலிருந்து காற்றுக்குத் திரும்பத் தொடங்கின. குளிர்நீர்க் குழாய்களைக் கழற்றி வைத்தார்கள். காற்றுக் குளிரூட்டி எதுவும் புதிதாக மேம்படவில்லை. வெப்பத்தை உண்டாக்கும் பொருளே மாறியது. குளிரூட்டியை வாங்குவதற்கு முன், வெப்பத்தையே குறைக்க முடியுமா என்று கேட்க வேண்டும் என்பதற்கு வரலாறு தரும் சாட்சி இது.

வீட்டுக் கணினியின் கதை எதிர்த்திசையில் போனது. 1989இல் வந்த 486 பிரொசசர் பெரும்பாலும் ஃபேன் இல்லாமலே ஓடியது. 1993இல் பென்ரியம் வந்த பிறகு ஃபேன் வழக்கமானது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்ற நம்பிக்கையில் இன்டெல் 2004இல் வெளியிட்ட பென்ரியம் 4 பிரெஸ்கொட், 100 வாற்றைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம், அதற்கு அடுத்து வரவிருந்த தேஜாஸ் என்ற பிரொசசரை இன்டெல் கைவிட்டது. வேகத்தைக் கூட்டும் ஓட்டம் வெப்பச் சுவரில் மோதி நின்றது. அதன்பிறகுதான் ஒரு பிரொசசருக்குள் இரண்டு, நான்கு, எட்டு என்று உள்ளகங்களைக் கூட்டும் காலம் வந்தது.

அதே 2004இல் ஆப்பிள் தன் 2.5 கிகாஹேர்ட்ஸ் பவர் மாக் ஜி5 கணினியைத் திரவக் குளிரூட்டலோடு விற்றது. சில ஆண்டுகளில் அவற்றுள் சில கசியத் தொடங்கின. கசிந்த திரவம் பலகையையும் மின்வழங்கியையும் கெடுத்தது. "கம்பியூட்டருக்குள் தண்ணீரா?" என்ற பயம் அர்த்தமில்லாதது அல்ல.

*இன்று கடையில் இருப்பது*

1990களின் இறுதியில் மேலைநாட்டு இளைஞர்கள் தங்கள் கணினிக்குத் தாங்களே நீர்க் குளிரூட்டி செய்துகொண்டார்கள். பழைய காரின் ஹீற்றர் றேடியேற்றர், மீன்தொட்டிப் பம்பு, தோட்டக் குழாய். அதை வீட்டில் எவரும் பொருத்தக்கூடிய மூடிய பெட்டியாக்கியதில் டென்மார்க்கின் அசெடெக் கொம்பனிக்குப் பெரிய பங்குண்டு. 2009இல் கோர்செயர் எச்50 என்ற பெயரில் வந்த அவர்களின் குளிரூட்டி அந்தச் சந்தையைத் திறந்தது. இன்று கடையில் "வோட்டர் கூலர்" என்று காட்டுவது பெரும்பாலும் அந்த வகைதான். பிரொசசர் மேல் செப்புத் தட்டும் பம்பும், இரண்டு குழாய்கள், பக்கத்தில் ஃபேன் பூட்டிய றேடியேற்றர்.

காற்றுக் குளிரூட்டிகளும் சும்மா இருக்கவில்லை. இன்றைய நல்ல காற்றுக் குளிரூட்டியில் வளைந்த செப்புக் குழாய்கள் இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே மிகச் சிறிதளவு நீர். காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்திருப்பதால் அந்த நீர் 100 பாகை வரை காத்திருக்காமல் கீழேயே ஆவியாகும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே ஒடுங்கி, உட்சுவரின் நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். பம்பு கிடையாது, மின்சாரம் வேண்டாம். 1963இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் வளர்த்தெடுத்த இந்த வெப்பக்குழாய், விண்கலங்களுக்குப் போய்ப் பிறகு நம் மேசைக்கு வந்தது.

ஆகவே "காற்றுக் குளிரூட்டி" என்று நாம் சொல்வதற்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. "தண்ணீர்க் குளிரூட்டி" என்று சொல்வதும் கடைசியில் ஃபேன் வைத்துக் காற்றிடம்தான் வெப்பத்தைக் கொடுக்கிறது. ஹொண்டா ஐயா கேட்ட கேள்வி இன்றும் செல்லுபடியாகும்.

*தண்ணீர் திரும்பி வந்தது, யாருடைய தண்ணீர்?*

செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் நீர் மீண்டும் அரியணை ஏறியிருக்கிறது. 2024இல் என்விடியா அறிவித்த ஜிபி200 என்விஎல்72 என்ற அலுமாரி ஒன்று மட்டும் ஏறக்குறைய 120 கிலோவாற்று எடுக்கிறது. ஒரு மண்டபத்தை நிறைத்த எனியாக்கின் வெப்பம் இன்று ஒரே அலுமாரிக்குள். அதைக் காற்றால் குளிர்விப்பது நடைமுறையில் சாத்தியமில்லை, திரவம்தான் வேண்டும்.

கூகுள், பின்லாந்தின் ஹமினா நகரில் பழைய காகித ஆலையொன்றைத் தரவு நிலையமாக்கிக் கடல்நீரில் குளிர்விக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2018இல் ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளுக்கு அருகில் 864 சேவர்களை உருளை ஒன்றுக்குள் அடைத்துக் கடலடியில் இறக்கியது. உள்ளே வளிக்குப் பதிலாக நைதரசன். 2020இல் தூக்கிப் பார்த்தபோது, கரையில் இருந்தவற்றோடு ஒப்பிட எட்டில் ஒரு பங்குதான் பழுதாகியிருந்தன. ஒட்சிசன், ஈரப்பதன், ஆட்களின் கை இவை எதுவும் படாமல் இருந்ததே முக்கிய காரணம் என்று கருதினார்கள். கடலோரத்தில் கணினியைக் கொல்வது எது என்பதற்கு நமக்கு இதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

ஆனால் கடலுக்குள் விடும் வெப்பம் எங்கே போகும்? இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சம்பூரில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்டிபிசியும் சேர்ந்து 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்க 2006இலிருந்து முயன்றது நம் கண் முன்னே நடந்த வரலாறு. நிலக்கரியை எரிக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாவதில்லை. அதை எங்காவது கொட்ட வேண்டும். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலையத்தைக் கடல்நீர்தான் குளிர்விக்கிறது. சம்பூரிலும் கடல்தான் அந்தச் சுமையைத் தாங்கியிருக்க வேண்டும். மீனும் இறாலும் நண்டும் கொட்டியாரக் குடாவை நம்பி, மூதூரும் சம்பூரும் அவற்றை நம்பி. மக்கள் எதிர்த்தார்கள், சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2016 செப்டெம்பரில் அந்த நிலையத்தைக் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்று சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சூரியப் படலங்களைக் குளிர்விக்கக் கடல் தேவையில்லை, வீசும் காற்றே போதும்.

நிலக்கரி நிலையமாக இருந்தாலும் காற்றால் குளிர்விக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். தென்னாபிரிக்காவின் மட்டிம்பா நிலையம் தண்ணீர்ப் பஞ்சம் காரணமாகப் பிரமாண்டமான ஃபேன்களால் குளிர்கிறது. செலவும் கூட, வினைத்திறனும் சற்றுக் குறைவு. ஆனால் ஆற்றையும் கடலையும் அது கேட்பதில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

*சரி, மகனுக்கு என்ன வாங்குவது?*

அந்த மூன்று கேள்விகளுக்குத் திரும்புவோம்.

1. எவ்வளவு வெப்பம்? படிப்பு, புரோகிராமிங், ஃபோட்டோஷொப், சாதாரண வீடியோ எடிட்டிங், அளவான கேம். இவற்றுக்கு ரைசன் 5 5600, கோர் ஐ5 12400 போன்ற 65 வாற்று வகுப்புப் பிரொசசர்கள் தாராளமாகப் போதும். பெட்டியோடு வரும் ஃபேனே இவற்றைச் சமாளிக்கும். சத்தம் பிடிக்காவிட்டால் நான்கு வெப்பக்குழாய் உள்ள கோபுரக் குளிரூட்டி ஒன்று போதும். கோர் ஐ9 14900கே போல 250 வாற்று வரை ஏறும் பிரொசசர் வைத்து மணிக்கணக்காக அனிமேஷன் ரெண்டர் செய்பவருக்குத்தான் பெரிய நீர்க் குளிரூட்டி நியாயமாகும்.

2. எவ்வளவு இடம், என்ன சூழல்? எந்த ஃபேனும் எந்த நீரும் பிரொசசரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. ஐரோப்பியர் ஒருவர் 22 பாகை அறையில் சோதித்து "70 பாகை" என்று யூடியூபில் காட்டினால், கச்சான் வீசும் ஆடி மாதத்தில் நம் 34 பாகை அறையில் அது 82 ஆகும். அந்த 12 பாகையை வோட்டர் கூலர் ஈடு செய்யாது. நல்ல இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிரூட்டிக்கும் நடுத்தர நீர்க் குளிரூட்டிக்கும் இடையிலான வித்தியாசமே பெரும்பாலும் சில பாகைதான். ஜன்னலைத் திறந்து, கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது செலவில்லாத குளிரூட்டி.

3. யார் பராமரிப்பது? காற்றுக் குளிரூட்டியில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டும். சீனன்குடாவிலோ திருகோணமலை நகரிலோ ஒரு ஃபேன் வாங்கிப் பத்து நிமிடத்தில் மாற்றலாம். நீர்க் குளிரூட்டியில் பம்பு தேயும். குழாயின் நுண்துளைகள் வழியாக நீர் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறையும். பெரும்பாலானவற்றில் மீண்டும் நிரப்ப வழியில்லை. ஐந்தாறு வருடத்தில் முழுதாகவே மாற்ற வேண்டி வரும். அந்த வருடம் மகன் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம், கையில் காசு இல்லாமலும் இருக்கலாம்.

ஒருவேளை யாராவது ஆசையாகத் தானே குழாய் பூட்டி நீர்ச் சுற்று அமைக்கப் போனால் ஒரே ஒரு எச்சரிக்கை. நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரும், துருவைத் தடுக்கும் சேர்மானமும் வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் கலக்கவும் கூடாது. இரண்டு உலோகம், நடுவில் நீர் என்றால் ஒன்று மற்றதைத் தின்னும். எஞ்சினில் நாகத் துண்டு பூட்டி வைக்கும் எந்த மீனவரிடமும் கேளுங்கள், ஏன் என்று சொல்லித் தருவார்.

நம் ஊரில் கணினிகளைக் கொல்வது பெரும்பாலும் பிரொசசர் வெப்பம் இல்லை. உப்புக் காற்று, புழுதி, திடீர் மின்வெட்டு இந்த மூன்றும்தான். வோட்டர் கூலருக்குக் கொடுக்கும் காசில் நல்ல மின்வழங்கியும் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கலாம். மிச்சமிருந்தால் 16 ஜிபி ராம். முன்பக்க ஃபேனுக்குப் புழுதி வடிகட்டி போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கரண்டைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் செட்டைகளைத் துடையுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும், சுழல விடக்கூடாது. பாவிக்காத நாளில் மூடி வையுங்கள், ஆனால் ஓடும்போது ஒருபோதும் மூட வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்கோடு குழாய்கள் ஓடுவது அழகுதான், ஆசைப்படுவதில் தப்பில்லை. வாப்பாவிடமோ அப்பாவிடமோ கேட்பதற்கு முன் இந்தப் பதிவில் உள்ள தேக்கரண்டி, வாளிக் கணக்கை நீங்கள் வாங்க நினைக்கும் பிரொசசரின் வாற்றுக்குப் போட்டுப் பாருங்கள். 65 வாற்று வந்தால் காற்று. 250 வந்தால், அந்த 250 வாற்றில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். காரணம் சரியாக இருந்தால் உங்களுக்காக நானே வீட்டில் வந்து பேசுகிறேன்.